வரிக் கணக்கிலிருந்து வணிகப் புள்ளிவிவரம்: தொகுப்பவருக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூரில் பின்னலாடை தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு நடுத்தர நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். வணிகவரித் துறைக்கு அது 15 எழுத்துகள் கொண்ட ஒரு ஜிஎஸ்டி எண். வருமான வரித் துறைக்கு 10 எழுத்துப் பான் எண். கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ21 தளத்தில் 21 எழுத்து அடையாள எண். வருங்கால வைப்பு நிதி (பிஎஃப்) அலுவலகத்தில் அதற்கு ஒரு குறியீடு, இஎஸ்ஐ என்னும் தொழிலாளர் காப்பீட்டில் இன்னொன்று. தையல் ஒரு கட்டடத்திலும் பிரிண்டிங் நான்கு தெரு தள்ளி வேறொரு கட்டடத்திலும் நடப்பதால், தொழிற்சாலைப் பதிவேட்டில் அது இரண்டு தொழிற்சாலைகள். பிஎஃப் பட்டியலில் 140 பேர், இஎஸ்ஐ பட்டியலில் 150 பேர், ஷிப்ட் மாறும் நேரத்தில் வாசலில் நின்று எண்ணினால் 210 பேர். இந்த ஏடுகளில் எதுவும் பொய் சொல்லவில்லை. தன்னை எழுதவைத்த சட்டம் என்ன கேட்டதோ அதற்கு மட்டும் ஒவ்வொன்றும் பதில் சொல்கிறது.

அந்தப் பதில்களைக் கொண்டு, சட்டம் கேட்காத வேறு கேள்விகளுக்கு விடை காண்பதுதான் நிர்வாகப் பதிவேடுகளிலிருந்து வணிகப் புள்ளிவிவரம் தயாரிப்போரின் வேலை. ஒரு மாவட்டத்தில் எத்தனை நிறுவனங்கள் இயங்குகின்றன, இந்தக் காலாண்டில் அவற்றின் விற்றுமுதல் எவ்வளவு, எத்தனை பேருக்கு வேலை கொடுத்தன என்பவை அத்தகைய கேள்விகள். கள ஆய்வு செய்தும் இவற்றுக்கு விடை காணலாம். ஆனால் அதற்கு ஆளும் பணமும் காலமும் வேண்டும். வரி விவரமோ விற்பனை நடந்த அடுத்த மாதமே அரசின் கணினிக்கு வந்துவிடுகிறது. பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017 டிசம்பரிலிருந்து மதிப்புக் கூட்டு வரி விவரங்களை உள்நாட்டு உற்பத்தி மதிப்பீட்டில் சேர்த்து வருகிறது. இந்தியாவில் 2015 ஜனவரியில் வெளியான 2011-12 அடிப்படை ஆண்டுத் தொடர், கம்பெனித் துறைக்கு எம்சிஏ21 தளத்தின் ஆண்டுக் கணக்குகளை எடுத்துக்கொண்டது. அந்தப் பயன்பாடு எழுப்பிய விவாதத்தில் நமக்கான பாடம் ஒன்று இருக்கிறது; அதற்குப் பின்னர் வருகிறேன்.

அனுமதியும் ஒப்பந்தமும்

தரவைக் கேட்பதற்கு முன் எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிவிடுங்கள். புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம், 2008 தகவல் கேட்கும் அதிகாரத்தைத் தருவதோடு, பெற்ற தகவலைப் புள்ளிவிவர நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற கட்டுப்பாட்டையும் விதிக்கிறது. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 158ஆவது பிரிவு, வரி செலுத்துவோரின் விவரத்தை அரசு ஊழியர் வெளியிடுவதைத் தடுத்து, விதிவிலக்குகளையும் வரையறுக்கிறது. வரித் துறை அதிகாரி தயங்குவது இந்தப் பிரிவை நினைத்துத்தான். அவருடைய தயக்கத்தை மதித்து, எந்த விதிவிலக்கின் கீழ் கேட்கிறோம் என்பதைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே சொன்னால் கோப்பு நகரும்.

வாய்மொழி இணக்கத்தை நம்பி வேலையைத் தொடங்க வேண்டாம். அதிகாரி மாற்றலாகிப் போனால் தரவும் நின்றுவிடும். எந்தப் புலங்கள் (படிவத்தின் கட்டங்கள்), எந்தத் தேதியில், எந்த வடிவத்தில் வரும், படிவம் மாறினால் எத்தனை நாள் முன்பு தெரிவிப்பார்கள் என்பன ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். மாநில அளவில் கேட்போர் தவறாமல் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு. ஜிஎஸ்டியில் 1.5 கோடி ரூபாய்க்குக் குறைவான விற்றுமுதல் உள்ளோரில் 90 விழுக்காட்டினர் மாநில நிர்வாகத்துக்கும் 10 விழுக்காட்டினர் மத்திய நிர்வாகத்துக்கும், அதற்கு மேற்பட்டோர் சரிபாதியாகவும் பிரிக்கப்பட்டிருக்கின்றனர். உங்களுக்கு வரும் கோப்பில் இரு தரப்பினரும் இருக்கிறார்களா, மாநில வரம்பினர் மட்டும்தானா? இதைக் கேட்காமல் கணக்குப் போட்டால் பெரிய நிறுவனங்களில் பாதி காணாமல் போயிருக்கும். கோப்பைப் பார்த்தால் மட்டும் முழுமையாகவே தோன்றும்.

படிவத்தை நிரப்பிப் பார்த்தல்

இந்த வேலையில் நான் எல்லாருக்கும் முதலில் சொல்லும் யோசனை இதுதான்: மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்குச் சென்று, மாதம் 20ஆம் தேதியை ஒட்டி ஜிஎஸ்டிஆர்-3பி என்னும் வரிப் படிவம் எப்படித் தாக்கல் ஆகிறது என்று அரைநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். படிவத்தை நிரப்புபவர் பெரும்பாலும் முதலாளி அல்லர். அறுபது எழுபது வாடிக்கையாளர்களின் கணக்கை ஒரே வாரத்தில் முடிக்க வேண்டிய உதவியாளர். அவருடைய கவனம் வரித் தொகை எங்கே பிறக்கிறதோ அங்கே இருக்கும். வரிக்குரிய மதிப்பை ரூபாய் சுத்தமாகப் பார்ப்பார். வரி விலக்குள்ள விற்பனை, சரக்கின் அளவு, அளவின் அலகு போன்ற கட்டங்களில் எதை எழுதினாலும் வரி கூடவோ குறையவோ போவதில்லை என்பதால், அவை அவசரத்தில் நிரப்பப்படுகின்றன.

பின்னலாடையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சரக்கை வகைப்படுத்தும் எச்எஸ்என் குறியீட்டில் டி-ஷர்ட்டுகள் 6109. ஒரு நிறுவனம் அளவைத் துண்டுக் கணக்கில் எழுதும். அடுத்தது டஜன் கணக்கில். மூன்றாவது எண்ணை டஜனில் எழுதிவிட்டு அலகை மட்டும் துண்டு என்று தேர்ந்தெடுத்திருக்கும். நான்காவது, ‘மற்றவை’ என்று போட்டு முடித்துக்கொள்ளும். இந்தப் புலத்தைக் கூட்டி உற்பத்தி எண்ணிக்கை என்று வெளியிட்டால், 12 மடங்கு பிழை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் உள்ளே வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு புலத்துக்கும் எதிரே, அது தவறானால் தாக்கல் செய்பவருக்கு என்ன இழப்பு என்று ஒரு குறிப்பு எழுதுங்கள். இழப்பு இருக்கும் புலத்தை நம்பலாம். இழப்பு இல்லாத புலத்தைச் சோதிக்காமல் தொடக்கூடாது.

எது ஓர் அலகு?

ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29, புதுச்சேரிக்கு 34. அடுத்த பத்து எழுத்துகள் பான். பதின்மூன்றாவது, அதே பானுக்கு அந்த மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்பது. கடைசி எழுத்து சரிபார்ப்புக்கானது. கோப்பு வந்ததும் அதைக் கணக்கிட்டுத் தட்டச்சுப் பிழைகளை முதல் நாளே பிடித்துவிடலாம். எண்ணுக்குள்ளேயே பான் இருப்பது நமக்குப் பெரிய வரம். பல நாடுகளில் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு உண்டாக்கிய பொது அடையாள எண் இங்கே தயாராக இருக்கிறது. பானின் நான்காம் எழுத்து உரிமையாளரின் வகையைக்கூடச் சொல்லிவிடும்: ‘பி’ என்றால் தனிநபர், ‘எஃப்’ என்றால் கூட்டு நிறுவனம், ‘சி’ என்றால் கம்பெனி, ‘எச்’ என்றால் இந்து கூட்டுக் குடும்பம்.

ஆனால் பான் என்பது சட்டத்தின் பார்வையிலான ஆள். புள்ளியியலுக்கு இரண்டு அலகுகள் தேவைப்படுகின்றன: தன்முடிவில் தொழில் நடத்தும் நிறுவனம், ஓரிடத்தில் ஒரு தொழில் நடக்கும் நிறுவன இடம். இரண்டுமே பானோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. தனிநபர் ஒருவர் ஒரே பானில் நூல் வியாபாரமும் தையல் கம்பெனியும் பெட்ரோல் பங்கும் நடத்தலாம். எதிர்த்திசையில், அண்ணன், தம்பி, அண்ணி என்று மூன்று பான்களில் மூன்று கம்பெனிகள் இருக்கும்; இயந்திரமும் ஆள்களும் ஆர்டரும் ஒன்றாகவே இருக்கும். சிறியவற்றில் இதை ஆராய்ந்து மாளாது. பான் ஒன்றுக்கு நிறுவனம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட விற்றுமுதலில் பெரும்பங்கு வகிக்கும் முதல் சில நூறு பெயர்களை மட்டும் ஒருவர் உட்கார்ந்து கையால் ஆராய்வது, எந்தச் சூத்திரத்தையும்விட அதிகப் பலன் தரும்.

இடம் பிரிப்பது இதைவிடச் சிக்கல். ஒரு மாநிலத்துக்குள் எத்தனை கிளைகள் இருந்தாலும் பொதுவாக ஒரே ஜிஎஸ்டி எண்தான். சென்னையில் தலைமையிடமும் ஓசூரில் தொழிற்சாலையும் உள்ள நிறுவனத்தின் விற்றுமுதல் முழுவதும் சென்னைக் கணக்கில் விழுந்துவிடும். பதிவுப் படிவத்தில் கூடுதல் வணிக இடங்களின் முகவரி இருக்கும். ஆனால் எந்த இடத்தில் எவ்வளவு என்பது இருக்காது. இங்கே தொழிற்சாலைப் பதிவேடு கைகொடுக்கும். அது கட்டட வாரியாக, தொழிலாளர் எண்ணிக்கையோடு இருப்பது. அந்த எண்ணிக்கையின் விகிதத்தில் விற்றுமுதலைப் பிரிக்கலாம். இது மதிப்பீடுதான் என்பதை வெளியீட்டில் சொல்லிவிட வேண்டும். தலைமையிட முகவரியை வைத்து மாவட்ட வரிசைப் பட்டியல் போடுவதைவிட, மாவட்டக் கணக்கே வெளியிடாமல் இருப்பது மேல் என்பது என் கருத்து.

பெயரை வைத்து இணைக்கும்போது

பான் இல்லாத பழைய பதிவுகளில் பெயர், முகவரி, அஞ்சல் குறியீடு ஆகியவற்றைக் கொண்டே இணைக்க வேண்டும். நம் ஊர்ப் பெயர்கள் கணினியைச் சோதிப்பவை. ‘ஸ்ரீ முருகன் டெக்ஸ்டைல்ஸ்’ என்ற பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ‘ஸ்ரீ’ மட்டுமே நான்கைந்து விதமாக வரும். ‘டெக்ஸ்’, ‘டெக்ஸ்டைல்’, ‘டெக்ஸ்டைல்ஸ்’ மூன்றும் ஒன்றாகவும் இருக்கலாம், மூன்று கம்பெனிகளாகவும் இருக்கலாம். உரிமையாளரின் இனிஷியல் முன்னால் ஒருமுறையும் பின்னால் ஒருமுறையும் வரும். முதலில் ‘மெசர்ஸ்’, ‘பிரைவேட் லிமிடெட்’, ‘அண்ட் கோ’ போன்ற ஒட்டுகளை நீக்கி, ஸ்ரீக்கு ஒரே எழுத்து வடிவம் கொடுத்து, இனிஷியல்களைத் தனிப் புலத்துக்கு மாற்றுங்கள். அதன் பிறகு, 1969இல் ஃபெலெகி, சன்டர் என்ற புள்ளியியலாளர்கள் வகுத்த நிகழ்தகவு முறையில் மதிப்பெண் கொடுக்கலாம். அந்த முறையின் சாரம் எளிது: அரிதான ஒன்று பொருந்தினால் அதற்கு எடை அதிகம். திருப்பூரில் ‘முருகன்’ பொருந்துவது எதையும் நிறுவாது. தொலைபேசி எண் பொருந்துவது ஏறத்தாழ எல்லாவற்றையும் நிறுவிவிடும்.

மதிப்பெண்ணில் மேல் எல்லையைத் தாண்டியவற்றை ஏற்றுக்கொண்டு, கீழ் எல்லைக்குக் கீழே உள்ளவற்றை ஒதுக்கிவிட்டு, நடுவில் உள்ளவற்றை ஆளைக் கொண்டு பாருங்கள். ஏற்றுக்கொண்டவற்றிலும் குறைந்தது இருநூறு இணைப்புகளைச் சீரற்ற முறையில் எடுத்துச் சரிபார்த்து, தவறான இணைப்பு விகிதத்தைப் பதிந்துவைக்க வேண்டும்.

உயிருள்ள பதிவு, செத்த பதிவு

கடை திறக்கும்போது பதிவு செய்வார்கள். மூடும்போது யாரும் சொல்லிவிட்டுப் போவதில்லை. ஆகவே எந்தப் பதிவேடும் காலம் செல்லச் செல்ல உப்பிக்கொண்டே போகும். முன்பு குறிப்பிட்ட எம்சிஏ21 விவாதம் இங்கேதான் வருகிறது. கணக்குத் தாக்கல் செய்யாத கம்பெனிகளும் இயங்குவதாகக் கொண்டு, செலுத்தப்பட்ட மூலதனத்தின் விகிதத்தில் மொத்தக் கணக்கை உயர்த்திக் காட்டும் முறை 2011-12 தொடரில் கையாளப்பட்டது. 2016 ஜூலை முதல் 2017 ஜூன் வரை நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 74ஆவது சுற்று, சேவைத் துறைக் கம்பெனிகளை அதே பட்டியலிலிருந்து எடுத்துத் தேடிச் சென்றபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை கிடைக்காதவையாகவோ, மூடப்பட்டவையாகவோ, வேறு தொழிலில் இருப்பவையாகவோ தெரியவந்தன. 2017-18இல் மட்டும் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்பெனிகளின் பெயர்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன.

எனவே பதிவு இருக்கிறது என்பதை உயிருக்கு அடையாளமாகக் கொள்ளக்கூடாது. கடந்த நான்கு காலாண்டுகளில் பூஜ்யமல்லாத விற்றுமுதல், பிஎஃப் சந்தா, இஎஸ்ஐ சந்தா, வேறொருவர் தாக்கல் செய்த விவரத்தில் வாங்குபவராக இடம்பெற்றிருத்தல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் உயிர் உண்டு என்று விதி வகுக்கலாம். கடைசியாகச் சொன்னது பலர் பயன்படுத்தாத நல்ல சான்று. விற்பனையே காட்டாத ஒரு நிறுவனம் மாதந்தோறும் நூல் வாங்கிக்கொண்டிருந்தால் அது செத்துவிடவில்லை.

பொய்யான பிறப்பும் இறப்பும் தனி வகை. கடை முதலாளி காலமானால் மகன் தன் பானில் புதுப் பதிவு எடுப்பார். அதே கடை, அதே ஆள்கள், அதே சரக்கு. பதிவேட்டிலோ ஒன்று செத்து ஒன்று பிறந்திருக்கும். கூட்டு நிறுவனம் பிரைவேட் லிமிடெட் ஆகும்போதும் இதுவே நடக்கிறது. உரிமை, தொழில், இடம் ஆகிய மூன்றில் இரண்டு தொடர்ந்தால் அதே நிறுவனம்தான் என்னும் ஐரோப்பிய நடைமுறை இங்கேயும் நன்றாகப் பொருந்துகிறது.

தொழில் வகைப்பாடு

ஜிஎஸ்டி பதிவில் தேசியத் தொழில் வகைப்பாட்டுக் குறியீடு கிடையாது; விற்கும் பொருளின் எச்எஸ்என் குறியீடுதான் உண்டு. பொருள் தெரிந்தால் தொழில் தெரிந்துவிடும் என்று நினைப்பது இந்தத் துறையில் மிகப் பரவலான தவறு. 6109 என்ற குறியீட்டில் விற்பவர் பனியன் தைப்பவராக இருக்கலாம். அந்த வகையில் அவருடைய தொழில் ஆடைத் தயாரிப்பு. திருப்பூரின் காதர்பேட்டையில் மொத்தமாக வாங்கி விற்பவராகவும் இருக்கலாம், அவர் தேசிய வகைப்பாட்டில் 4641. சென்னையில் சில்லறைக் கடைக்காரராகவும் இருக்கலாம். யார் என்று அறிய, வாங்குவதைப் பாருங்கள். நூலோ துணியோ வாங்கி ஆடை விற்பவர் தயாரிப்பாளர். ஆடை வாங்கி ஆடை விற்பவர் வியாபாரி. பிறர் துணியைப் பெற்றுக் கூலிக்குச் சாயமிடுவோரும் தைப்போரும் 9988 என்ற சேவைக் குறியீட்டில் வருவார்கள். 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள, குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவில் ஐந்திலக்கத் தொழில் குறியீடு இருக்கிறது. அது தாமே அறிவித்தது என்பதையும், ஒருவரே பல குறியீடுகள் தரலாம் என்பதையும் நினைவில் கொண்டு, தலைமைத் தொழிலைத் தீர்மானிக்கும் கூடுதல் சான்றாக அதைக் கொள்ளலாம்.

விற்றுமுதலைக் கூட்டுவதற்கு முன்

ஓர் ஏற்றுமதியாளர் 40 லட்ச ரூபாய்க்கு நூல் வாங்குகிறார். நிட்டிங் கூலி 4 லட்சம், சாயப்பட்டறைக்கு 9 லட்சம், தையல் ஜாப் ஒர்க்குக்கு 12 லட்சம் கொடுக்கிறார். முடிந்த ஆடையை 1 கோடிக்கு ஏற்றுமதி செய்கிறார். இவர்கள் அனைவரின் ஜிஎஸ்டி விற்றுமுதலையும் கூட்டினால் 165 லட்சம் வரும். இறுதியில் வெளியே போன சரக்கின் மதிப்போ 100 லட்சம்தான். எண்கள் கற்பனையானவை, கணக்கு கற்பனையன்று. ஒருங்கிணைந்த மில் ஒன்று அதே வேலையை ஒரே கூரையின் கீழ் செய்தால் அதே ஆடைக்கு விற்றுமுதல் 100 லட்சமாகத்தான் பதிவாகும். அதாவது வேலை எத்தனை கை மாறுகிறதோ அத்தனைக்கு விற்றுமுதல் உப்புகிறது. திருப்பூரை ஒருங்கிணைந்த ஆலைகள் உள்ள ஊரோடு விற்றுமுதலில் ஒப்பிடுவது இதனால்தான் பொருளற்றது. ஒப்பிட வேண்டுமானால் மதிப்புக் கூட்டலில், அதாவது விற்றதிலிருந்து வாங்கிய பொருள், சேவைச் செலவைக் கழித்த மிச்சத்தில், ஒப்பிடுங்கள்; அதற்கான விகிதத்தை ஆண்டுத் தொழில் கணக்கெடுப்பிலிருந்து தொழில் வாரியாகப் பெறலாம். உள்ளீட்டு வரி வரவை (வாங்கும்போது கட்டி, பின்னர் கழித்துக்கொள்ளும் வரியை) வைத்து வாங்கிய செலவைக் கணக்கிட்டு, கழித்து, மதிப்புக் கூட்டல் என்று சொல்ல ஆசை வரும். அதில் இயந்திரம் வாங்கியதும் சேர்ந்திருக்கும், பதிவு பெறாதவரிடம் வாங்கியது விடுபட்டிருக்கும். அந்த ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு உப்பல், கிளை மாற்றம். ஓசூர் தொழிற்சாலையிலிருந்து அதே நிறுவனத்தின் பெங்களூர்க் கிடங்குக்குச் சரக்கு போனால், சட்டப்படி அது இரு வேறு நபர்களுக்கு இடையிலான வழங்கல். 80 லட்சத்துக்கு மாற்றி 100 லட்சத்துக்கு விற்றால் பதிவில் 180 லட்சம். இதைச் சரிசெய்வது எளிது: விற்பனைப் பட்டியல்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் விற்பவர், வாங்குபவர் இருவரின் எண்ணிலும் மூன்றாம் எழுத்திலிருந்து பன்னிரண்டாம் எழுத்து வரை ஒன்றாக இருக்கும் பட்டியல்களை நீக்கிவிடுங்கள். மனிதர் அருந்தும் மது, கச்சா எண்ணெய், பெட்ரோல், டீசல், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள் ஆகியவை ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால், அவற்றின் வணிகத்தைக் காட்ட வேறு பதிவேடுகளே வழி.

இப்போது என் கைப் பிழை ஒன்று. ஒரு மாதம், ஒரு மாவட்டத்தின் ஒரு வகைப் பொருள் வணிகம் முந்தைய மாதத்தைப் போல் பல மடங்காக உயர்ந்திருந்தது. பண்டிகை மாதம் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு அட்டவணையை அனுப்பிவிட்டேன். அடுத்த மாதம் அதே வகை பாதாளத்துக்குப் போனது. பார்த்தால், ஒரே ஒரு வணிகர் வரி விலக்குள்ள விற்பனைக் கட்டத்தில் தசமப் புள்ளியை விட்டு, இரண்டு பூஜ்யம் கூடுதலாகப் போட்டிருந்தார். தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-3பியைத் திருத்த முடியாது. பின்வரும் மாதத்தில்தான் நேர்செய்ய முடியும். அவரும் அப்படியே செய்திருந்தார். அன்றிலிருந்து இரண்டு சோதனைகளை விட்டதில்லை. வரியை வரிக்குரிய மதிப்பால் வகுத்தால் நடைமுறையிலுள்ள வரி விகிதங்களுக்கு இடைப்பட்ட எண் வர வேண்டும். வரி இல்லாத கட்டங்களில், அந்த நிறுவனத்தின் சென்ற 12 மாத நடு மதிப்பைப் போல் பத்து மடங்கு தாண்டினால் நிறுத்திவைத்துக் கேட்க வேண்டும். முதல் சோதனையின் விகிதப் பட்டியலைத் தேதி வாரியாக வைத்திருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 விழுக்காட்டு அடுக்குகள் பெரும்பாலான பொருள்களுக்கு நீங்கிவிட்டன.

மாதம், காலாண்டு, பண்டிகை

5 கோடி வரை விற்றுமுதல் உள்ளோர் 2021 ஜனவரியிலிருந்து காலாண்டுக்கு ஒருமுறை விவரம் தாக்கல் செய்யத் தேர்ந்தெடுக்கலாம். அவர்களுடைய மூன்று மாத விற்பனையும் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்று காலாண்டின் கடைசி மாதத்துக் குறியோடு வரும். அப்படியே கூட்டினால் ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் சிறு வணிகம் துள்ளிக் குதிப்பதாகத் தோன்றும். அதே தொழிலில் மாதந்தோறும் தாக்கல் செய்வோரின் மாதப் பங்கீட்டைக் கொண்டு இதைப் பிரிக்கலாம். சிறியோரின் போக்கு பெரியோரின் போக்கைப் போன்றதே என்ற அனுமானம் அதில் ஒளிந்திருக்கிறது. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லாததால், சிறு நிறுவனங்களுக்குக் காலாண்டுக் கணக்கோடு நிறுத்திக்கொள்ளவே பரிந்துரைப்பேன்.

பண்டிகையையும் பார்க்க வேண்டும். தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20 அன்று வந்தது. ஜவுளிக் கடையின் அக்டோபர் விற்பனையைச் சென்ற ஆண்டு அக்டோபரோடு ஒப்பிடுவது இதனால் ஏமாற்றும். பருவச் சீராக்கத்தில் (ஆண்டுதோறும் திரும்பும் ஏற்ற இறக்கத்தை நீக்கும் கணக்கில்) தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் எந்த மாதத்தில் விழுகின்றன என்பதற்குத் தனி மாறி வைக்க வேண்டும். ஜிஎஸ்டித் தொடர் 2017 ஜூலையில்தான் தொடங்குகிறது. நடுவே 2020இன் ஊரடங்கும் இருப்பதால், சீராக்கிய எண்களைப் பெருமையோடு வெளியிட அவசரப்பட வேண்டாம்.

வேலைவாய்ப்பு எண்ணிக்கை

பிஎஃப் சட்டம் பொதுவாக 20 பேர் உள்ள நிறுவனங்களுக்கும், இஎஸ்ஐ பொதுவாக 10 பேர் உள்ளவற்றுக்கும் பொருந்தும். இஎஸ்ஐயில் மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியோர் விடுபடுவர். 19 பேரோடு இருந்த கம்பெனி இருபதாவது ஆளைச் சேர்த்தால் பிஎஃப் ஏட்டில் 20 புதிய சந்தாதாரர்கள் தோன்றலாம். பிறந்த வேலை ஒன்றுதான். 2018 ஏப்ரலிலிருந்து வெளியாகும் பிஎஃப் சம்பளப் பட்டியல் விவரத்தை வேலைவாய்ப்பு வளர்ச்சி என்று படிப்போர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள், வேலை செய்யும் ஆலையின் கணக்கில் வராமல், அவர்களை அனுப்பும் ஏஜென்சியின் கணக்கில் வருவார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. தொடக்கத்தில் சொன்ன 140க்கும் 210க்கும் இடையே விழும் இடைவெளியின் ஒரு பகுதி அங்கேதான் இருக்கிறது.

சட்ட எல்லை நகரும்போது தொடரும் உடையும். தொழிற்சாலைச் சட்டம், 1948 மின்சாரத்தோடு 10 பேர், மின்சாரமின்றி 20 பேர் என்று வைத்திருந்த எல்லை, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 20, 40 என்று உயர்ந்திருக்கிறது. சரக்கு வணிகர்களின் ஜிஎஸ்டி பதிவு எல்லை தமிழ்நாடு உள்ளிட்ட பெரும்பாலான மாநிலங்களில் 2019 ஏப்ரல் 1 அன்று 20 லட்சத்திலிருந்து 40 லட்சம் ஆனது. இப்படிப்பட்ட நாளைத் தொடரில் செங்குத்துக் கோடாகக் குறித்து, இரு புறமும் பழைய எல்லையில் ஒருமுறையும் புதிய எல்லையில் ஒருமுறையும் கணக்கிட்டுப் பாருங்கள்.

ஏட்டுக்கு வெளியே இருப்போர்

பதிவேட்டை எவ்வளவு துடைத்துச் சுத்தப்படுத்தினாலும், அதில் பெயர் இல்லாதவர் அதில் வரமாட்டார். தனிநபர், கூட்டு உரிமையில் நடக்கும் வேளாண்மை சாரா நிறுவனங்கள் நாட்டில் 7.34 கோடி என்று 2023-24ஆம் ஆண்டின் ஆய்வு மதிப்பிட்டது. ஜிஎஸ்டியில் பதிவு பெற்றோர், கம்பெனிகளும் சேர்த்து, ஏறத்தாழ ஒன்றரைக் கோடிதான். வீட்டில் இரண்டு பவர் டேபிள் போட்டுத் தைப்பவர் எந்த ஏட்டிலும் இல்லை. விற்றுமுதலில் அவருடைய பங்கு குறைவு, வேலைவாய்ப்பில் அப்படியன்று. ஆகவே எல்லைக்கு மேலே பதிவேடு, கீழே மாதிரி ஆய்வு என்று பிரித்து, ஒரே நிறுவனம் இரண்டிலும் எண்ணப்படாதிருக்க ஆய்வு வினாத்தாளில் ‘ஜிஎஸ்டி பதிவு உண்டா’ என்ற கேள்வியை அவசியம் வையுங்கள்.

வெளியிடும் நாள்

ஓர் அட்டவணைக் கட்டத்தில் மூன்றுக்குக் குறைவான நிறுவனங்கள் இருந்தால் அதை மறைப்பது பொதுவான வழக்கம். நிறைய நிறுவனங்கள் இருந்தும் ஒன்றே பெரும்பங்கு வகித்தால் அதுவும் மறைக்கத்தக்கதே, ஏனெனில் இரண்டாம் இடத்தில் இருப்பவர் தன் எண்ணைக் கழித்துப் போட்டியாளரின் எண்ணைக் கிட்டத்தட்டக் கண்டுபிடித்துவிடுவார். மறைத்ததோடு வேலை முடிவதில்லை. மாவட்ட மொத்தம் 900, நான்கு தாலுகாக்களில் மூன்றின் எண்கள் 300, 250, 200 என்று அச்சிட்டு நான்காவதை மட்டும் மறைத்தால், பள்ளிக்கூடப் பிள்ளைகூட 150 என்று சொல்லிவிடும். இன்னொரு கட்டத்தையும் சேர்த்து மறைக்க வேண்டும். எதை மறைத்தால் வாசகருக்கு இழப்பு குறைவோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

முதல் வெளியீட்டு நாளில் எல்லாரும் தாக்கல் செய்திருக்க மாட்டார்கள். விடுபட்டவர்களுக்கு, அவரவரின் சென்ற ஆண்டு இதே காலாண்டு எண்ணை அந்தத் தொழிலின் வளர்ச்சி விகிதத்தால் பெருக்கி இட்டு நிரப்பி, மொத்தத்தில் அவ்வாறு நிரப்பிய பங்கு எத்தனை விழுக்காடு என்பதை அட்டவணையின் அடியிலேயே அச்சிடுங்கள். திருத்திய எண்கள் எந்த நாளில் வரும் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். அந்த நாளில், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வெளியிடுங்கள்.